பலகையில் இடமில்லாத மலை: சிறு நாடுகளும் போர் ஆட்டங்களும்

1914இல் ஆஸ்திரியா செர்பியாவின் மீது படையெடுத்ததில்தான் முதல் உலகப் போர் மூண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் போருக்கு முந்தைய ஐரோப்பாவைப் பலகையில் வரைந்து, ஆலன் கால்ஹமர் என்கிற அமெரிக்கர் 1959இல் 'டிப்ளமசி' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். ஏழு பேர் உட்கார்ந்து ஆடலாம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி. பகடை கிடையாது, பேரம், ரகசியப் பேச்சு, துரோகம் இவைதான் ஆட்டம். பலகையில் 34 ஆதார இடங்கள், 18ஐப் பிடித்தவர் ஜெயித்தவர். இந்த 34இல் 22 இடங்கள் ஆரம்பத்திலேயே ஏழு வல்லரசுகளுக்குச் சொந்தம். மிச்சமுள்ள 12, அதாவது பெல்ஜியம், ஹாலந்து, நார்வே, கிரீஸ், பல்கேரியா முதலானவை, யாருக்கும் சொந்தமில்லை. தமக்குத் தாமேகூடச் சொந்தமில்லை.

செர்பியா இந்தப் பன்னிரண்டில் ஒன்று. அதற்கு ஒரு காய்கூடக் கிடையாது. ஆட்டம் தொடங்கிய முதல் வருஷத்திலேயே ஆஸ்திரியாக்காரர் நடந்து போய் அங்கே உட்கார்ந்துகொள்வார், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நிஜத்தில் நடந்தது வேறு. 1914 ஆகஸ்டில் செர் மலையிலும் டிசம்பரில் கொலுபாரா ஆற்றங்கரையிலும் செர்பியப் படை ஆஸ்திரியாவை விரட்டியடித்தது. வரலாற்றில் கையும் காலும் இருந்த ஒரு தேசம் பலகைக்கு வந்ததும் வெறும் புள்ளியாகிவிட்டது. ஆட்டத்தின் கொடுமை என்று இதை நான் சொல்லவில்லை. ஏழு பேர் இரவெல்லாம் உட்கார்ந்து பேரம் பேசுவதற்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது என்றுதான் ஆடியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பேரம் பேச யாருக்கு வாய் இருக்கிறது, யார் பேரத்தின் பொருளாக மட்டும் இருக்கிறார்கள் என்பது முதல் நகர்த்தலுக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம்.

இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த 'ஆக்ஸிஸ் அண்ட் அலைஸ்' இதை இன்னும் பச்சையாகச் செய்தது. 1984இல் மில்டன் பிராட்லி கம்பெனி வெளியிட்ட பதிப்பில் ஐந்து ஆட்டக்காரர்கள்: ரஷ்யா, ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா. ஒவ்வொரு நிலப்பகுதியின் மேலும் ஒரு எண் அச்சாகியிருக்கும், அந்த நிலம் சுற்றுக்கு எவ்வளவு விளைவிக்கும் என்று. இந்தியா பிரிட்டன் நிறத்தில் இருக்கிறது, அதன் மதிப்பு 3. சீனா அமெரிக்க நிறத்தில் இருக்கிறது! 1937இலிருந்து ஜப்பானோடு தன் மண்ணில் போராடிய ஒரு தேசம், அமெரிக்க ஆட்டக்காரர் நகர்த்தும் சில சிப்பாய்களாக. நடுநிலை நாடுகளுக்கு இருக்கும் விதியைக் கேளுங்கள்: வங்கிக்கு 3 கட்டினால் படையோடு உள்ளே போகலாம். எதிர்ப்பு கிடையாது. அந்தப் பணமும் அந்த நாட்டுக்குப் போகாது.

இந்தியா என்ற அந்த 3க்குள் என்னென்ன இருந்தது என்று யோசித்தால் தலை சுற்றும். 25 லட்சம் சிப்பாய்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் செத்த ஏறக்குறைய 30 லட்சம் பேர். மலேயாவும் அப்படித்தான். அதன் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டு மடிந்த தமிழ்க் கூலிகள் பல்லாயிரம். அதே தோட்டங்களிலிருந்துதான் ஐ.என்.ஏ.வுக்கும் ஜான்சி ராணிப் படைக்கும் ஆணும் பெண்ணும் போனார்கள். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர்ப் பிரகடனம் செய்தது. கையில் நிலமே இல்லாத ஒரு அரசு ஆட்டக்காரராக உட்காரப் பார்த்த காட்சி அது. நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது ஜப்பான் என்பதையும் மறக்க முடியாது.

பிற்பாடு இந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும். 2008 பதிப்பில் இத்தாலி தனி ஆட்டக்காரர் ஆனது, சீனாவுக்கும் தனி விதி வந்தது. 2009இல் வந்த பசிபிக் ஆட்டத்தில் சீனா தனி நாடாகவே நின்றது. ஆஸ்திரேலியா - நியூசிலாந்து கூட்டுப்படைக்கும் தனி இடம். இதில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். இத்தாலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிடைத்தது பெரியவர்களின் அதே டாங்கி, அதே கப்பல், அதே வரவுசெலவு, கொஞ்சம் சில்லறை மட்டும் குறைவு. சீனாவுக்குக் கிடைத்ததோ வேறு. தொழிற்சாலை இல்லாமலே தன் மண்ணில் எங்கு வேண்டுமானாலும் காலாட்கள் முளைக்கலாம், ஆனால் எல்லை தாண்டிப் பெரிதாக எங்கும் போக முடியாது. முதல் வகைக்குச் சின்ன வல்லரசு என்று பெயர் வைக்கலாம். இரண்டாவதுதான் சிறு நாடு பற்றிய சிந்தனையின் தொடக்கம். நம் சர்ச்சை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இதை ஏற்காட்டிலிருந்து யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சேர்வராயன் மலையே ஒரு முறை பலகையில் வைத்துக் கைமாற்றப்பட்டது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. மேசையைச் சுற்றி கம்பெனி, நிஜாம், மராட்டியப் பேஷ்வா. எதிரே தோற்ற திப்பு. திப்புவின் ராஜ்யத்தில் பாதி போனது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம், அது கட்டி முடியும்வரை இரண்டு பிள்ளைகள் பிணை. எந்தெந்தப் பகுதி யாருக்கு என்ற பட்டியலில் ஒவ்வொரு சீமைக்கும் நேராக வராகனில் வருமானம் எழுதியிருந்தார்கள். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனிக் கணக்கில் வந்தன. நிலத்தின் மேல் எண்ணை அச்சடிக்கும் வேலையை மில்டன் பிராட்லிதான் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், கூடவே உதவியாளராகத் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை இந்தச் சீமையில்தான் அளந்து பழகப்பட்டது. ஆட்டம் முடிந்ததும் கட்டங்களை இன்னும் நுணுக்கமாக வரைந்தார்கள் என்றால் தப்பில்லை.

மலைமேல் இருந்தவர்கள் யார்? மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பிரித்தாலும் பொருந்தும். அவர்கள் தங்கள் மலையை நாடுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நாடு என்றே பெயர். நாட்டுக்கொரு பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர், பஞ்சாயத்து, தண்டம், திருவிழா முறைமை எல்லாம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டண மேசையில் இந்த நாடுகளின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. சேலம் கைமாறியபோது அதன் தலைமேல் இருந்த மலையும் சேர்ந்து போயிற்று, வீட்டை விற்கும்போது கொல்லைப்புற மரமும் போகிற மாதிரி.

ஆனால் அவர்களின் சொந்தக் கதையில் அவர்கள் நகர்த்தப்படும் காய்கள் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியண்ணன் சேர்வராயனுக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அந்தக் கதை. காஞ்சியில் ராஜ்யம் மாறியதால் கிளம்பினார்கள் என்று ஒரு வடிவம் சொல்கிறது. லெஃபானு தொகுத்த 1883ஆம் வருஷத்துச் சேலம் கையேட்டிலும் தர்ஸ்டனின் 1909ஆம் வருஷத்துச் சாதிகள் தொகுதியிலும் இது பதிவாகியிருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிக்கு இது இனவரைவியல் குறிப்பு, ஒரு விநோதம். நாம் இதை ஒரு அரசியல் பிரதியாக வாசிக்கலாம். மேசையில் உட்கார்ந்து ஜெயிக்க முடியாதவர்கள் பலகையை விட்டே எழுந்து மேலே ஏறிப்போன கதையாடல் இது. ஜேம்ஸ் ஸ்காட் தென்கிழக்காசிய மலைகளைப் பற்றி 2009இல் எழுதிய புத்தகத்தில் இந்த வாதம்தான்: மலை மக்கள் நாகரிகம் எட்டாமல் விடுபட்டவர்கள் என்பது சமவெளி அரசின் பேச்சு, வரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் தப்பி, மலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். ஸ்காட்டை அப்படியே கொண்டுவந்து சேர்வராயன்மேல் போர்த்தினால் சரிப்படாது. இந்தக் கதையிலேயே வேளாளர் என்ற சாதிப் பெருமிதம் கலந்திருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் ஒட்டும். இந்த மக்களுக்கு வெற்றி என்பது இன்னொருவர் நிலத்தைப் பிடிப்பதாக இருந்ததில்லை. அகப்படாமல் இருப்பதுதான் வெற்றி. 18 இடம் பிடித்தவர் ஜெயித்தவர் என்று விதி எழுதிய பலகையில் இந்த ஆசைக்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள்?

அதே 1792 மேசையில் உட்காரப் பார்த்த ஒரு சிறு நாடும் உண்டு, குடகு. திப்புவுக்கு எதிராகக் கம்பெனிக்கு ராஜா உதவினார். உடன்படிக்கையில் குடகும் திப்புவிடமிருந்து விடுபட்டுக் கம்பெனி நிழலுக்கு வந்தது. பெரியவர்களின் விதிப்படியே, பெரியவர்களின் கூட்டாளியாக ஆடிய சின்ன வல்லரசு. 1834இல் கம்பெனி குடகை விழுங்கியது. 42 வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது.

மலையில் அடுத்து வந்தது காப்பி. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். கிரேஞ்ச் என்கிற கோட்டை மாதிரியான பங்களா அந்தக் காலத்தது. 1857 கலகச் செய்தி பரவியபோது அந்தக் கட்டடத்துக்குப் பீரங்கி ஏற்றி, ஆறு மாதத்துக்கான உணவைச் சேமிக்க நிலவறை கட்டினார்கள் என்று ஏற்காட்டில் இன்றும் சொல்வார்கள். மலைமேல் யாரும் யாரையும் தாக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். களம் என்று நினைத்திருந்தது ஒருநாள் எழுந்து உட்கார்ந்து தானும் ஆடத் தொடங்கிவிடுமோ என்ற பயம் அது. பிறகு 1882 மதராஸ் வனச்சட்டம் வந்தது. காட்டுக்குள் கோடு விழுந்தது. கோடு போடுகிற வேலை சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் மலையாளி, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்குப் போனால் பட்டியலில் இல்லை. மாவட்ட எல்லைதான் தீர்மானிக்கிறது. அவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பிரதிநிதித்துவம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். ஒருவர் சார்பாக நின்று பேசுவது ஒன்று. ஒருவரைச் சித்திரித்துக் காட்டுவது இன்னொன்று. 1852இல் மார்க்ஸ் பிரெஞ்சு விவசாயிகளைப் பற்றி எழுதும்போது ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் இருந்தது. 1988இல் காயத்ரி ஸ்பிவாக் அந்த வேறுபாட்டைத் தோண்டி எடுத்துத்தான் அடித்தள மக்கள் பேச முடியுமா என்று கேட்டார். பலகை ஆட்டத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். சீனாவைச் சித்திரித்தது 1984 பலகை. சீனாவின் சார்பாக நகர்த்தியது அமெரிக்கக் கை.

அண்மைக் காலத்தில் சித்திரிப்பு ரொம்பவே முன்னேறியிருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. எரிக் ராய்ஸ் 2017இல் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஐலண்ட்' காலனியவாதிகளை விரட்டும் ஆட்டம். நீங்கள் தீவின் ஆவிகளாக ஆடுகிறீர்கள்: மின்னல், நதி, நிலம். குடியேறிகள் எதிரிகள். நம் அரசியலுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் தீவில் வாழும் டஹான் மக்கள் ஆட்டக்காரர்கள் இல்லை. அவர்கள் காய்கள். மலை ஆடும், மலையில் வாழ்பவர் ஆடமாட்டார். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர் சேர்வராயன் குகைக்கோயிலைப் பார்த்துவிட்டு, அந்தச் சாமிக்குத் திருவிழா எடுப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமலே இறங்கிப் போவதில்லையா, அந்த மாதிரி.

ஜி.எம்.டி. நிறுவனம் 2012இலிருந்து கிளர்ச்சிகள் பற்றி வெளியிடும் ஆட்ட வரிசை வேறு தினுசு. ஒவ்வொரு தரப்புக்கும் தனி நகர்வு, தனி வெற்றி இலக்கு. 2019இல் வந்த 'காந்தி' என்ற ஆட்டத்தில் நான்கு தரப்பு: பிரிட்டிஷ் ராஜ், காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள். துப்பாக்கி தூக்காத தரப்பும் அங்கே ஆடலாம், ஜெயிக்கலாம். பெரிய விஷயம்தான். ஆனால் 1917 முதல் 1947 வரையான அந்தக் காலத்தில்தான் 1925இல் சுயமரியாதை இயக்கம் புறப்பட்டது, 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்தில் இறங்கினார். ஐந்தாவது நாற்காலி போடத் தோன்றவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வரிசையைத் தொடங்கிய வோல்கோ ருன்கே, அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வில் பகுப்பாய்வாளராக வேலை பார்த்தவர். எளியவர்களின் போர் தர்க்கத்தை இத்தனை நுட்பமாகப் படித்து வைத்திருப்பது அதை அடக்க நினைக்கும் நிறுவனங்கள்தான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லெஃபானு கையேடு எழுதியதும் அதிகாரியாக இருந்துதானே.

நம் ஊர்த் திண்ணைகளிலும் கோயில் கல்தளங்களிலும் கீறிக் கிடக்கிறதே ஆடு புலி ஆட்டம், அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முக்கோணமும் குறுக்குக் கோடுகளும், 23 புள்ளிகள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. எத்தனை ஆடு விழுந்தால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டுக்கு ஜெயம் எது என்பது எங்கும் மாறாது. புலிகள் நகர இடமில்லாமல் அடைபட வேண்டும். ஆட்டை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தக்கூட முடியாது. அதுவரை புலி வெட்டிக்கொண்டே இருக்கும். சின்னப் பசங்க எல்லாம் "எனக்குப் புலி, எனக்குப் புலி"ன்னு அடித்துக்கொள்வார்கள். ஆடிப் பழகிய கிழவர் பேசாமல் ஆட்டை எடுத்துக்கொள்வார்.

இங்கே ஆட்டுக்குச் சின்னப் புலி வேஷம் போடவில்லை. ஆட்டுக்கு ஒரு பல் கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அது சரிபாதி ஆட்டக்காரர். எண்ணிக்கை, நெருக்கம், பின்னால் இடைவெளி விடாமல் நிற்பது, இவைதான் அதன் ஆயுதம். சிறு நாடுகளைப் போர்ப் பலகையில் கொண்டுவர வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது பல்லைத்தான். எங்கள் நாட்டுக்கும் டாங்கி கொடு, எங்களுக்கும் ஒரு நிறம் கொடு என்கிறார்கள். கணினி ஆட்டங்களில் அது கிடைத்தும் விட்டது. 2013இல் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' நான்காம் பதிப்பில் வரைபடத்தில் உள்ள எந்த ராஜ்யத்தையும் எடுத்து ஆடலாம். மைசூரை எடுத்து உலகத்தையே பிடிக்கலாம். அரசு இல்லாத நிலமோ அங்கே காலி நிலம். அதில் வாழ்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு மூர்க்கம் என்று எண்கள் மட்டும் இருக்கும், குடியேறப் போகிறவர் பார்த்துக்கொள்வதற்காக.

1792 பலகையை வேறு மாதிரி வரைந்து பார்க்கலாம். கம்பெனிக்கும் திப்புவுக்கும் பீரங்கியும் வராகனும் இருக்கட்டும். மலை நாடுகளின் முறை வரும்போது பட்டக்காரர் என்ன செய்வார்? யாருக்கு எந்தப் பாதையைக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்று முடிவெடுப்பார். சுமை தூக்க ஆள் அனுப்புவார், அல்லது ஊரே காலியாகிக் கிடக்கும். சாமையும் தினையும் எங்கே பதுங்கியிருக்கிறது என்று சொல்லமாட்டார். காய்ச்சல் அவருடைய கூட்டாளி; சமவெளிச் சிப்பாயை அது படுக்கப் போடும். பத்துச் சுற்று முடிந்தபோது அளவைச் சங்கிலி எத்தனை ஊரைத் தொடவில்லையோ அத்தனை மதிப்பெண். எதிர்த்தரப்பின் வெற்றி இலக்கும் அப்போது மாறிவிடும். கோட்டையைப் பிடித்தால் மட்டும் போதாது, கணக்கெழுத வேண்டும், மலையேற வேண்டும். ரீட் 1799 வரை ஏழு வருஷம் அந்தச் சீமையில் அளந்துகொண்டிருந்ததன் அர்த்தம் அப்படி ஒரு பலகையில்தான் புலப்படும்.

அப்படியானால் ஒளிந்துகொள்வது ஒன்றுதான் சிறியவர்களுக்கு வாய்த்த அரசியலா என்று தோழர்கள் கேட்கலாம். ஒளிய இடமில்லாமல் போன காலத்துக்கு வருவோம். விளையாட்டைப் பற்றிய பேச்சில் இதைச் சேர்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தவிர்க்க முடியவில்லை. பழைய பாராமகால் சீமை, இன்றைய தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. மலையாளிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அரசின் வரைபடத்தில் அந்த ஊர் சோதனைக்குரிய ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அந்தக் கட்டம் வழக்காடியது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. 1995இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. ஒவ்வொரு ஆடாக இறக்கி வைக்கிற மாதிரி ஒவ்வொரு சாட்சியாக. நடுவில் எத்தனை வாய்தா, எத்தனை மிரட்டல், எத்தனை முறை பேருந்து ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்! குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு வருஷம் இழுத்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.